குறைந்த விலை ரெகுலேட்டட் வேப் கருவியைச் சோதித்து மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் 30 பவுண்டுக்கும் குறைவாக விற்கப்படும், ஒற்றை 18650 பேட்டரியில் (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை லித்தியம் பேட்டரி) இயங்கும் வேப் கருவிகளை, அதாவது மின்சிகரெட்டுகளை, சோதனை மேசையில் வைத்துப் பார்க்க விரும்புவோர் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இவை. கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக, 2016இல் சந்தைக்கு வந்து பரவலாக விற்ற இலீஃப் நிறுவனத்தின் ஐஸ்டிக் பிக்கோவை ஓரிடத்தில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களில் சொல்லப்படுபவை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துபவை.

ரெகுலேட்டட் என்றால் அரசு அனுமதி பெற்ற கருவி என்று பொருளா?

இல்லை. பேட்டரிக்கும், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கும் இடையே ஒரு மின்சுற்றுப் பலகை இருந்து, மின்னழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ, பயனர் கேட்ட வாட் அளவை மட்டும் காயிலுக்கு அனுப்பினால் அது ரெகுலேட்டட் கருவி. மெக்கானிக்கல் மாட் எனப்படும் வகையில் அப்படி எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பேட்டரி நேரடியாகக் காயிலோடு இணையும், காயில் ஷார்ட் ஆகியிருந்தால் தடுப்பதற்கு ஆளில்லை.

சட்டம் வேறு விஷயம். பிரிட்டனில் 2016 மே 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், நிகோட்டின் திரவத்துக்கான டேங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, திரவக் குப்பி 10 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் இருக்கக் கூடாது என்கின்றன. வாட் அளவைப் பற்றி அவை வரம்பு எதுவும் சொல்வதில்லை. ஆனால் இயல்பான பயன்பாட்டில் கருவி ஒரே சீரான அளவில் நிகோட்டினைத் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனை அவற்றுக்கு மூலமான 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையிலேயே உண்டு. திரையில் காட்டும் வாட் ஒன்றும் காயிலுக்குப் போகும் வாட் வேறொன்றுமாக இருக்கும் கருவி அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றும் என்பதுதான் கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு அடிப்படை.

நான் இந்தியாவில் இருக்கிறேன். இப்படி ஒரு கருவியை வரவழைத்துச் சோதிக்கலாமா?

கூடாது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமான மின்சிகரெட் தடைச் சட்டம், உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. இறக்குமதிக்கு முதல் முறையிலேயே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வாங்குவது, பயன்படுத்துவது மட்டுமின்றிக் கையில் வைத்திருப்பதே குற்றம். லண்டனிலிருந்து அவ்வழியாக ஊருக்கு வருபவர்கள் பையை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இந்தப் பக்கம் அளவீட்டைப் பற்றியது. புகைபிடிக்காதவருக்கு இந்தக் கருவியால் ஒரு தேவையும் இல்லை.

விலை குறைவு என்றால் எதில் கைவைத்திருப்பார்கள்?

பெரும்பாலும் வெளியே தெரியாத இடங்களில். உலகில் விற்கும் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை சீனாவின் ஷென்செனில்தான் தயாராகின்றன. விலை உயர்ந்ததும் மலிவானதும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் பிறந்தவையாக இருக்கலாம். மலிவானதில் மின்னழுத்தத்தைக் கூட்டும் பகுதி விடுபட்டிருக்கும், மின்தடையை அளக்கும் பகுதியின் துல்லியம் குறைந்திருக்கும், பேட்டரி முனையைத் தொடும் தகடு மெலிந்திருக்கும். திரையும் வண்ணப்பூச்சும் மட்டும் பளிச்சென்றே இருக்கும். ஆகவே கையில் எடுத்துப் பார்த்து மதிப்பிடுவது இங்கே வேலைக்கு ஆகாது.

சோதனைக்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

அலையின் வடிவம் எதுவானாலும் உண்மையான ஆர்எம்எஸ் மதிப்பை (அதே அளவு சூட்டைத் தரும் சீரான மின்னழுத்தத்தின் அளவு) காட்டும் மல்டிமீட்டர், மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும், பழையதாயினும் ஓர் ஆசிலோஸ்கோப், மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய மேசை மின்வழங்கி, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டில் இறுக்கிய சில உயர்வாட் மின்தடைகள் ஆகியவை போதும். காயிலுக்குப் பதிலாக இந்த மின்தடைகளை இணைப்பதற்குக் காரணம் உண்டு: காயில் சூடேறும்போது அதன் மின்தடை சற்று மாறும், இணைப்பு தளரும், திரவம் தீரும்; அளவீட்டில் பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

ஓர் எச்சரிக்கை. மல்டிமீட்டரின் கம்பிகளே 0.1 முதல் 0.3 ஓம் வரை மின்தடை உடையவை. 0.5 ஓம் மின்தடையை அவற்றால் நேரடியாக அளந்தால் வரும் எண்ணை நம்ப வேண்டாம். மின்வழங்கியிலிருந்து சரியாக 1 ஆம்பியரை அதன் வழியே செலுத்தி, அதன் இரு முனைகளிலும் வேறு கம்பிகளை வைத்து மில்லிவோல்ட்டை அளந்தால், 500 என்று வரும் எண்ணே 0.5 ஓம்.

திரையில் காட்டும் வாட் உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் மதிப்பீட்டின் உயிர்நாடி. மற்ற சோதனைகளுக்கு நேரம் இல்லாவிட்டாலும் இதை விடக் கூடாது. மின்னழுத்தத்தை அதாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் வாட் வரும். 0.5 ஓமில் 40 வாட் வேண்டுமானால் 4.47 வோல்ட் தேவை. அளந்தபோது 4.2 வோல்ட்தான் இருந்தது என்றால் அது அற்பக் குறைவாகத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் 35.3 வாட், அதாவது ஏறத்தாழ 12 சதவீதக் குறைவு. மின்னழுத்தத்தில் உள்ள பிழை வாட்டில் இரட்டிப்பாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 5 சதவீதத்துக்குள் நிற்கும் மலிவுக் கருவியைப் பாராட்டத் தோன்றும். என் கணக்கில் 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிழை எல்லா அளவுகளிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். 15 வாட்டில் அதிகமாகவும் 40 வாட்டில் குறைவாகவும் தரும் கருவியைப் பயனர் தன் அனுபவத்தால்கூடச் சரிக்கட்ட முடியாது.

ஒரே மின்தடையில் நிறுத்திவிடக் கூடாது. 0.2, 0.5, 1.2 ஓம் என மூன்றிலாவது பார்க்க வேண்டும். 1.2 ஓமில் 20 வாட் கிடைக்க 4.9 வோல்ட் தேவை. நிறைந்த பேட்டரியே 4.2 வோல்ட்தான். மின்னழுத்தத்தைக் கூட்டும் பகுதி இல்லாத கருவி, திரையில் 20 என்று காட்டிக்கொண்டே, பேட்டரியில் இருக்கும் 4 வோல்ட்டைக் கொண்டு 13.3 வாட் மட்டும் தரும், பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது 10.2 வாட் ஆகிவிடும். நேர்மையான கருவி என்றால், கேட்டதைத் தர முடியவில்லை என்று திரையில் ஓர் எச்சரிக்கையாவது காட்ட வேண்டும். நிறைந்த பேட்டரியில் ஒரு முறை, பாதியில் ஒரு முறை, தீரும் தறுவாயில் ஒரு முறை என அளவெடுத்தால் இது தப்பாது.

மல்டிமீட்டரில் சரியாக வந்தால் போதாதா? ஆசிலோஸ்கோப் எதற்கு?

நானும் ஒரு காலத்தில் போதும் என்றே நினைத்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய மலிவுக் கருவி திரையில் 3.0 வோல்ட் என்றது. என் மல்டிமீட்டரும் 3.0 என்றது, துல்லியம் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். ஆனால் ஆவியில் தீய்ந்த வாடை. பிறகு ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோதுதான், கருவி 3 வோல்ட்டைச் சீராகத் தரவில்லை, 6 வோல்ட்டைப் பாதி நேரம் திறந்தும் பாதி நேரம் அடைத்தும் அனுப்பிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. சராசரி 3 வோல்ட்தான். டிசியில் வைத்த மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். ஆனால் காயிலைச் சூடாக்குவது சராசரியல்ல, ஆர்எம்எஸ் மதிப்பு, அது 4.24 வோல்ட். 2 ஓம் காயிலில் 4.5 வாட் போக வேண்டிய இடத்தில் 9 வாட் போயிருக்கிறது. கருவியும் மீட்டரும் ஒரே தவறை ஒத்த குரலில் சொன்னதால் நான் ஏமாந்தேன். குற்றம் அளந்தவனுடையது.

நொடிக்கு 33 முறை அளவில் திறந்து மூடும் பழைய சிப்புகளில் காயிலிலிருந்து கரகரவென்று ஒலி வருவதுண்டு. அது ஆசிலோஸ்கோப் இல்லாதவருக்குக் கிடைக்கும் இலவசத் துப்பு. இன்றைய கருவிகள் பலவற்றில் வெளிவரும் மின்னழுத்தம் தட்டையாகவே இருக்கிறது. இருந்தாலும் குறைந்த வாட்டில் மட்டும் இந்தப் பழைய முறைக்குத் திரும்பும் சிப்புகள் உண்டு என்பதால் 10 வாட்டுக்குக் கீழேயும் ஒரு பார்வை வேண்டும்.

ஒற்றைப் பேட்டரிக் கருவி 75 வாட் தரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

ஐஸ்டிக் பிக்கோவின் பெட்டியிலும் அதே எண்தான். கணக்கு இதோ: தீரும் தறுவாயில் பேட்டரி 3.2 வோல்ட்டில் இருக்கிறது, மின்சுற்றின் திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காயிலுக்கு 75 வாட் அனுப்பப் பேட்டரியிலிருந்து 26 ஆம்பியர் இழுக்க வேண்டும். சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்ற பரவலாகப் பயன்படும் 18650 பேட்டரிகள் தொடர்ச்சியாக 20 ஆம்பியருக்கே மதிப்பிடப்பட்டவை. ஆகவே அந்த 75 என்பது கருவியின் சிப் தாங்கும் எண். பேட்டரி தாங்கும் எண் அல்ல. அதே கணக்கில் 40 வாட்டுக்கு 14 ஆம்பியர் போதும். ஒற்றைப் பேட்டரிக் கருவியை 40 வாட் கருவியாகவே கருதி மதிப்பிடுகிறேன். அதற்கு மேல் உள்ளதைப் பெட்டியின் அலங்காரம் என்று கொள்கிறேன்.

ரெகுலேட்டட் கருவியில் காயிலின் மின்தடையைக் கொண்டு பேட்டரியின் மின்னோட்டத்தைக் கணக்கிடுவது பலர் செய்யும் பிழை. அந்தக் கணக்கு மெக்கானிக்கல் மாட்டுக்கு உரியது. இங்கே பேட்டரிக்குத் தெரிவது வாட் மட்டுமே, காயில் 0.2 ஓமா 1 ஓமா என்பது அதற்குத் தெரியாது. பேட்டரி தீரத் தீர மின்னழுத்தம் குறையும், அதே வாட்டைத் தர இழுக்கப்படும் ஆம்பியர் கூடும். சோர்ந்த பேட்டரியில்தான் அதிகச் சுமை விழுகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை இழுப்புகள் வரும் என்பதை எப்படி மதிப்பிடுவது?

2,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய 9 வாட் மணி ஆற்றல் உண்டு; மின்சுற்று உண்டது போக 8.1 மிஞ்சும். 15 வாட்டில் 3 நொடி இழுப்புகளாக 640க்கும் மேல் வர வேண்டும், 40 வாட்டில் 240ஐ ஒட்டி வர வேண்டும். நடைமுறையில் 40 வாட்டில் இதைவிடக் குறைவாகவே வரும், ஏனெனில் பெரிய மின்னோட்டத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, ஆற்றல் மீதமிருக்கும்போதே கருவி நின்றுவிடும். அப்படி நிற்கும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: இழுப்பின்போது 3 வோல்ட்டுக்கு மேலேயே நிறுத்தும் கருவி பேட்டரியின் ஆயுளைக் காக்கிறது. 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கவிடும் கருவியை நான் ஏற்பதில்லை.

எந்தப் பேட்டரியை வைத்துச் சோதிப்பது?

நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கிய, பெயர் பெற்ற நிறுவனத்தின் 20 ஆம்பியர் பேட்டரி. கருவியோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத பேட்டரியில் சோதித்தால், பழுது கருவியிலா பேட்டரியிலா என்று தெரியாது. 18650 வடிவத்தில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட பேட்டரியைக் கண்டால் வாங்கவே வேண்டாம். நல்ல 18650 பேட்டரிகள் பெரும்பாலும் 2,000க்கும் 3,600க்கும் இடையில்தான் இருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும்: நல்ல பேட்டரி 45 கிராமை ஒட்டியிருக்கும், போலி பல நேரம் கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும். வெளி உறை கிழிந்த பேட்டரியைக் கருவிக்குள் போடாதீர்கள். உடல் முழுதும் எதிர்முனை என்பதால் உறைதான் காப்பு.

பாதுகாப்புத் தடுப்புகளை எப்படிச் சோதிப்பது?

பேட்டரியை வைத்துக்கொண்டு அல்ல. பேட்டரி வடிவத்தில் ஒரு கட்டையைச் செய்து, அதன் இரு முனைகளிலும் கம்பி இணைத்து, 3.7 வோல்ட்டில் மின்னோட்டம் வரம்பிட்ட மேசை மின்வழங்கியோடு சேர்த்துவிட்டால், தடுப்பு வேலை செய்யாவிட்டாலும் தீப்பொறியோடு முடிந்துவிடும். பிறகு காயில் இணைப்பைத் தடித்த செம்புத் துண்டால் குறுக்கே இணைத்துப் பொத்தானை அழுத்தினால், கருவி ஷார்ட் என்று சொல்லி மறுக்க வேண்டும். காயிலே இல்லாதபோதும் மறுக்க வேண்டும். வரம்பை அரை ஆம்பியருக்கு இறக்கி, முனைகளை மாற்றி இணைத்தால் எதுவும் நடக்கக் கூடாது. பொத்தானை விடாமல் அழுத்தினால் 10 நொடி அளவில் தானாக நிற்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் வாட் துல்லியத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் நடந்த 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தபோது, 61 நிகழ்வுகள் கருவியோ மாற்றுப் பேட்டரியோ சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ இருந்தபோதும், 60 பயன்படுத்தும்போதும், 48 மின்னேற்றும்போதும் நடந்திருந்தன. சாவிக்கொத்தோடு சேர்ந்து கிடக்கும் மாற்றுப் பேட்டரியை எந்தச் சிப்பாலும் காக்க முடியாது. ஆனால் பையில் அழுந்திப் பொத்தான் தானாக இயங்குவதைப் பூட்டு வசதி தடுக்கும்; ஐந்து முறை அழுத்தினால்தான் கருவி விழிக்கிறதா என்பதையும் பாருங்கள். யுஎல் என்னும் அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2018இல் வெளியிட்ட யுஎல் 8139 தரநிலை, வேப் கருவிகளின் பேட்டரியையும் மின்சுற்றையும் சோதிப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. மலிவுக் கருவியின் பெட்டியில் அந்தக் குறி இருந்தால் அது கூடுதல் மதிப்பெண்.

மின்னேற்றும் பகுதியில் எதைக் கவனிப்பது?

நிறைந்துவிட்டது என்று கருவி சொன்னதும் பேட்டரியை எடுத்துப் பத்து நிமிடம் வைத்து அளந்தால் 4.15க்கும் 4.20க்கும் இடையில் இருக்க வேண்டும், 4.25ஐத் தாண்டினால் அந்தக் கருவியில் மின்னேற்றவே கூடாது. யுஎஸ்பி சி துளை உள்ள கருவியைப் பழைய ஏ வகைக் கேபிளிலும், இருமுனையும் சி வகையான கேபிளிலும் போட்டுப் பாருங்கள். இரண்டாவதில் மின்னேறவில்லை என்றால், துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகளைத் தயாரிப்பாளர் மிச்சப்படுத்தியிருக்கிறார் என்று பொருள். அவற்றின் விலை ஒரு காசுகூட இராது. அதில் கைவைத்தவர் வேறு எதிலெல்லாம் வைத்திருப்பார் என்ற ஐயம் எனக்கு அங்கேதான் தொடங்கும்.

வெப்பக் கட்டுப்பாடு உண்டு என்கிறார்கள். அது வேலை செய்கிறதா?

பேட்டரி கருவிகளில் இந்த வசதி பரவியது 2014, 2015 ஆண்டுகளில். காயிலுக்குள் வெப்பமானி ஏதும் இல்லை, காயிலே வெப்பமானி. நிக்கல், டைட்டானியம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றின் மின்தடை சூட்டோடு கூடும். அந்தக் கூடுதலை வைத்துக் கருவி வெப்பத்தைக் கணிக்கிறது. நிக்கலில் 200 டிகிரி உயர்வுக்கு மின்தடை இரு மடங்குக்கும் மேலாகும். எஃகிலோ 0.5 ஓம் காயில் 0.59 ஓம் ஆவதோடு சரி. ஆகவே மின்தடை அளவீட்டில் வெறும் 0.01 ஓம் பிழை இருந்தாலும் எஃகுக் காயிலில் 20 டிகிரிக்கும் மேல் தவறும். மலிவுக் கருவிகள் நிக்கலில் தேறி எஃகில் தோற்பதற்கு இதுவே காரணம்.

சோதனை எளிது. காயிலில் திரவம் தொடாத புதிய பஞ்சை வைத்து, முழுவதும் ஆறியபின் மின்தடையைக் கருவியில் பதிவு செய்து, 200 டிகிரியில் 5 நொடி இயக்கிப் பஞ்சை வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் தேறியது, பழுப்பேறினால் தோல்வி. பீங்கான் தட்டின் மேல், திறந்த சன்னல் அருகே செய்யுங்கள். அந்தப் புகையை உள்ளிழுக்க வேண்டாம். சூடான காயிலோடு பதிவு செய்துவிட்டு, கருவி தவறு என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அளவீட்டுப் பிழைக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2015இல் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கடிதம், 3.3 வோல்ட்டில் காணப்படாத ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் 5 வோல்ட்டில் உருவாவதைக் காட்டியது. அந்த 5 வோல்ட்டில் அந்தக் காயில் தீய்ந்திருக்கும், யாரும் அப்படி இழுக்க மாட்டார்கள் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், காயிலுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் போகிறது என்பது முக்கியம் என்பதில் இரு தரப்பும் ஒன்றே. திரையில் 3 என்று காட்டி 4.24 அனுப்பிய என் பழைய கருவியை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுவையையும் ஆவியின் அளவையும் ஏன் மதிப்பிடுவதில்லை?

அவை காயிலுக்கும் திரவத்துக்கும் உரியவை. மின்சுற்றுக்கு அவற்றில் பங்கு குறைவு.

ஒரே ஒரு கருவியைச் சோதித்தால் போதுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். மலிவுக் கருவிகளில் அதே பெயரில், அதே பெட்டியில், ஆறு மாதம் கழித்து வரும் தொகுதியில் வேறு சிப் இருக்கலாம். இரண்டை வேறு வேறு கடைகளில் வாங்குங்கள். மூன்று வாரம் அன்றாடப் பயன்பாட்டில் விட்டபின் முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காயில் திருகும் மரையின் நடுவிலுள்ள ஸ்பிரிங் முனை தளர்ந்தும், அதில் கசிந்த திரவம் படிந்தும், புதிதாக இருந்தபோது கிடைத்த வாட் குறைந்திருப்பதை அப்போதுதான் காண முடியும். பொத்தான் ஆட்டம் காண்பதும், பேட்டரி மூடி இளகுவதும் இதே மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்.

சோதனையில் தோற்ற கருவியை என்ன செய்வது?

வேறொருவருக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டுக் குப்பையிலும் போட வேண்டாம், குப்பை வண்டிக்குள் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பற்றும். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழைய கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை. பேட்டரியைத் தனியே எடுத்து, இரு முனைகளையும் டேப்பால் மூடி, கருவியோடு அங்கே ஒப்படையுங்கள்.